தெரிந்துவினையாடலும் வினைசெய்வான் உள்ளமும்

அரசுப் பணியாளர் செவ்வனே தொழிற்படுதற்குக் காரணம் அகத்தெழும் ஆர்வமோ, புறத்தே பெறும் ஊதியமோ என்னும் வினா ஆட்சியியலார் இன்றும் ஆராய்ந்து வருவதொன்றாகும். பொதுப்பணிக்கண் ஒருவரை ஈர்க்கும் உள்ளுணர்வு தனித்து உண்டென அமெரிக்க அறிஞர் பெர்ரியும் வைசும் 1990இல் எழுதினர். திருக்குறளின் 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடல் இவ்வினாவிற்குத் தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

வினைக்குரியானிடம் நாடத்தக்கன அன்பு, அறிவு, தெளிவு, ஆசையின்மை என்னும் நான்கும் என்கின்றது 513ஆம் குறள். நான்கும் அகப்பண்புகளே. பத்துக் குறளிலும் கூலி பற்றிய குறிப்பு யாதுமில்லை. இதுகொண்டு, நல்லியல்பினனைத் தேர்ந்தால் அமையும் என்பதே வள்ளுவர் கருத்தென்பார் உளராயின், அது பொருந்தாது. எத்துணை ஆராய்ந்து தெளிந்தவிடத்தும், மேற்கொண்ட வினையால் இயல்பு திரிவோர் பலர் என அடுத்த குறளே எச்சரிக்கின்றது. பண்பை வினை மாற்றவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனம் திரியாமற் காப்பது யாது? அர்த்தசாத்திரம் 48,000 பணம் முதல் 60 பணம் ஈறாக ஊதியம் வகுத்து, இவ்வாறு பேணப்படுவோர் பகைவர் தூண்டுதலுக்கு ஆட்படார் என்கின்றது. ஆயினும், நீருள் இயங்கும் மீன் நீர் பருகுதலை அறியவியலாதவாறுபோல, வினைத்தலைவர் பொருள் கவர்தலையும் அறியவியலாதென அந்நூலே பிறிதோரிடத்துக் கூறும். ஊதியம் ஒன்றே காவலாகாது என்பதற்கு இதுவே சான்று.

வள்ளுவர் கூறும் காவல் வேறு. தக்கானிடம் வினையை ஒப்படைத்து, அதற்கு உரியனாகவே அவனை ஆக்குக என்பர் (517, 518). முயற்சியுடையான் உரிமையோடு ஒழுகுதலைப் பிழைபடக் கருதும் அரசனை விட்டுச் செல்வம் நீங்கும் என்பர் (519). நாள்தோறும் ஆராய்க என்றும் பணிப்பர் (520). இறுதி இரண்டும் முரணுவபோலத் தோன்றும், முரணா. முன்னது ஆள்மேற் கொள்ளும் ஐயத்தை விலக்குகின்றது. பின்னது செயல்மேற் செல்லும் ஆராய்ச்சியை விதிக்கின்றது.

ஊதியம் வேண்டாவென்பது இதன் கருத்தன்று. பொருளை வகுத்தல் வேந்தன் கடன் என்பது இறைமாட்சியிற் (385) கூறப்பட்டது. இவ்வதிகாரம் பணியாளனை நோக்கிய அறிவுரையன்று, ஆள்வோனை நோக்கியது என்பதே நாம் வற்புறுத்துவது. உரிமையும் நம்பிக்கையும் அளியாது, தொண்டுள்ளம் மட்டும் வேண்டும் ஆட்சிக்கு வள்ளுவரைத் துணையாக்குதல் இயலாது.