டயர்த் தூளும் தூணும்

கல்முனையிலிருந்து காரைதீவுக்கு வந்து அம்பாறை வீதியில் திரும்பினால், சம்மாந்துறைக்குப் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே மாவடிப்பள்ளி. வயலை நம்பிய ஊர் என்பதால் உழவு இயந்திரத்துக்குக் குறைவில்லை. ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சொல்லவே வேண்டாம். இந்தப் பக்கத்து டயர்க்கடைகளின் பின்பக்கம் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடக்கும். சில செருப்பாகும், வாளியாகும், தோணி உரசாமல் கட்டும் அணைப்பாகும். மிச்சம் மாரி மழையில் தண்ணீர் பிடித்து நுளம்பு வளர்க்கும். 2017இல் இலங்கையின் டெங்கு நோயாளர் தொகை 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியபோது, சுகாதாரப் பரிசோதகர்கள் தேடித் திரிந்த பொருள்களில் பழைய டயரும் ஒன்று.

அந்த டயரை அரைத்து மணலுக்குப் பதிலாகக் கொங்கிறீட்டில் போட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நுளம்பும் தொலையும், மணலும் மிச்சப்படும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகக் கல்வீடுகள் எழுந்த வேகத்தில் மணலுக்கு வந்த கிராக்கியைக் கண்டவர்களுக்கு இந்த யோசனை இன்னும் இனிக்கும். ஆனால் மேசன் கேட்கும் முதல் கேள்வி வேறு: பாரம் தாங்குமா?

இதற்குப் பதில் முப்பது வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் எல்டின், செனூசி என்ற இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மணல் முழுவதையும் எடுத்துவிட்டு இறப்பர்த் தூள் போட்டபோது அமுக்க வலிமை 65 சதவீதம் வரை விழுந்தது. சல்லிக்குப் பதிலாக இறப்பர்த் துண்டு போட்டபோது இழப்பு 85 சதவீதம். சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்கும் கலவையில் வார்த்த 150 மில்லிமீற்றர் கட்டி ஏறத்தாழ 57 தொன் பாரத்தில்தான் நொறுங்கும். அதே அளவில் இழப்பு வந்தால், முதல் வகை 20 தொன்னில் உடையும். இரண்டாவது 9 தொன்னைக்கூடத் தொடாது. இப்படி முழுதாக மாற்றும்படி இன்று யாரும் சொல்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணலில் பத்தில் ஒரு பங்கை மாற்றினால், பல ஆய்வுகளில் இழப்பு 10 முதல் 20 சதவீதத்துக்குள் நிற்கிறது.

ஏன் விழுகிறது என்பதை ஒரு வாளித் தண்ணீரில் பார்க்கலாம். இறப்பரின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் கூட. விதிப்படி அது அமிழ வேண்டும். ஆனால் ஒரு பிடி டயர்த் தூளை அள்ளிப் போட்டால் பெரும்பகுதி மிதக்கும். தண்ணீர் அதன் மேல் ஒட்டாது. ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலவைக்குள்ளும் இதே கதைதான். சீமெந்துக் குழம்பு துகளை அணைக்காமல் விலகி நிற்க, நடுவே காற்றுக் குமிழ் தங்குகிறது. வைபிறேட்டரைக் கூட நேரம் பிடித்தால் தூள் மேலே வந்துவிடும். சிலாப்பின் மேற்பகுதி ஒரு குணம், அடிப்பகுதி ஒரு குணம். போதாததற்கு, கல்லோடு ஒப்பிட்டால் இறப்பர் பல்லாயிரம் மடங்கு நெகிழ்வானது. பாரம் வரும்போது அது தன் பங்கைச் சுமக்காமல் நசுங்கிக் கொடுக்க, சுற்றியுள்ள சீமெந்து தனியே சுமந்து வெடிக்கிறது.

இதோடு கதையை முடித்தால் அது நியாயமாகாது. சாதாரணக் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், உச்சப் பாரத்தில் சத்தத்தோடு சிதறும். இறப்பர் கலந்த கட்டி குறைந்த பாரத்திலேயே கீறல் விடும், ஆனால் சிதறாது. கீறல்களோடு சேர்ந்து நின்று மெல்ல மெல்லத் தளரும். மோதலின் வேகத்தை உள்வாங்கும். அதிர்வையும் சத்தத்தையும் தணிக்கும். வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். வீதியோரத் தடுப்புக்கும் விளையாட்டு முற்றத்துக்கும் வேண்டியது இந்தக் குணம்தான். மேலைநாடுகளில் இதன் பெருமையாகப் பேசப்படும் இன்னொன்று, உறைபனியைத் தாங்குவது. தண்ணீர் ஒருநாளும் உறையாத அம்பாறைக் கரையில் அதைப் பாராட்டி என்ன பயன்? நமக்கு உதவக்கூடியது வெயிலைத் தடுக்கும் குணம்.

விழுந்த வலிமையைத் தூக்கி நிறுத்த ஆராய்ச்சியாளர்கள் ஓயாமல் முயன்றிருக்கிறார்கள். பிரேசிலில் சேக்ரேயும் ஜோக்கஸும் 2000இல் தூளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவினார்கள். சீமெந்தோடு பிடிப்பு கூடியது. ஆனால் அந்தக் கழுவு நீரை எங்கே ஊற்றுவது? மாவடிப்பள்ளியில் எங்கே ஊற்றினாலும் அது வயலுக்குத்தான் போய்ச் சேரும். அவுஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தினர் 2022இல் வேறு வழி காட்டினார்கள். சல்லி முழுவதற்கும் பதிலாக இறப்பர் போட்டு, கலவை இறுகும்வரை அச்சுக்குள் அழுத்தியே வைத்திருந்தார்கள். அழுத்தாத அதே கலவையோடு பார்க்க வலிமை ஏறத்தாழ இரட்டிப்பானது. புளொக் கல் அரியும் நம்மூர்க்காரர் இதைக் கேட்டால் கண் விரியும். அழுத்தும் இயந்திரம் அவரிடமும் உண்டு. ஆனால் அவர் கல்லை அடித்த உடனே அச்சைக் கழற்றி அடுத்த கல்லுக்குப் போகிறவர். ஈரக் கலவையின் அழுத்தத்தை விட்டால் இறப்பர் பழையபடி விரிந்து கல் வெடிக்கும். ஒரு கல் இறுகும்வரை ஓர் அச்சைப் பூட்டி வைத்தால் அவர் பிழைப்பு என்னாவது?

எல்லாவற்றையும்விட இலகுவான வழி சீமெந்தைக் கூட்டிப் போடுவது. எனக்கு இதில்தான் பெரிய ஆட்சேபம். உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்தால் வருகிறது. டயரை மீட்கிறோம் என்று சொல்லிச் சீமெந்தை அள்ளிக் கொட்டினால் அதில் சூழல் நேசம் எங்கே இருக்கிறது? காசுக் கணக்கும் உதைக்கும். 2022 நெருக்கடியில் ஒரு மூடை மூவாயிரம் ரூபாவைத் தொட்டதை இங்கே வீடு கட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, சீமெந்தைக் கூட்டாமல் போட்டால் எவ்வளவு டயர் ஒழியும்? ஒரு கன மீற்றர் கொங்கிறீட்டில் மணலின் பத்தில் ஒரு பங்கை மாற்றினால் போகும் தூள் சுமார் 30 கிலோ; ஐந்தாறு கார் டயருக்குச் சமம். மூன்று மீற்றர் அகலமும் பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட நூறு மீற்றர் ஒழுங்கை 150 டயரளவு விழுங்கும். சின்னத் தொகை அல்ல. புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையும் கழிவு டயரை எரிபொருளாக ஏற்கிறது; அங்கே டயரின் கம்பிகூட இரும்பாகச் சீமெந்திலேயே சேர்ந்துவிடும், அரைக்கும் செலவும் இல்லை. ஆனால் கிழக்குக் கரையிலிருந்து புத்தளத்துக்கு லொறியில் காற்றையும் சேர்த்து ஏற்றிப் போகும் செலவை யார் தருவது? உள்ளூரிலேயே அரைத்து உள்ளூர் ஒழுங்கையில் போடுவதன் நியாயம் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே என் முடிவு இது. தூண், பீம், சிலாப் எதிலும் டயர்த் தூள் வேண்டாம். உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் கம்பி துருப்பிடிப்பதே பெரும் வியாதி. காற்றுக் குமிழ் கூடிய கலவையை அதன்மேல் போர்த்துவது வினையை விலைக்கு வாங்குவது. பாலத்திலும் போக்கிலும் கூடவே கூடாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிய பாதையில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வழியில் பரீட்சித்துப் பார்க்க ஒன்றுமில்லை. நடைபாதைக் கல், பாடசாலை முற்றம், பாரம் சுமக்காத மதில், நெல் ஏற்றிய இயந்திரம் ஏறாத ஒழுங்கை ஆகியவற்றில், மணலில் பத்திலொன்றுக்கு மேற்படாமல், சீமெந்தைக் கூட்டாமல் போடலாம். தேய்ந்து உதிரும் தூளில் நாகம் போன்றவை இருப்பதால் வாய்க்கால் ஓரத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிட்டத்தான் இருக்கிறது. காரைதீவுப் பிரதேச சபை ஒரே ஒரு ஒழுங்கையில் பாதியைச் சாதாரணக் கலவையாலும் பாதியை டயர்த் தூள் கலவையாலும் போட்டு, இரண்டு மாரி கழித்து அந்தப் பீடத்தாரை அழைத்து அளந்து, கிடைத்த இலக்கங்களை நல்லதோ கெட்டதோ ஊருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும்.