ஊடலும் உப்பின் அளவும்

திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்களை உடையது. அவற்றுள் இறுதி மூன்றும் புலவி, புலவி நுணுக்கம், ஊடல் உவகை எனக் காதலரின் பிணக்கையே பேசுகின்றன. 1330 குறட்பாக்கள் கொண்ட பெருநூல் ஊடலைப் பற்றிய பேச்சோடு நிறைவுறுவது எண்ணத்தக்கது.

அறமும் பொருளும் ஓதும் அளவிற்கு நாம் இவ்வதிகாரங்களை ஓதுவதில்லை. ஓதினும், புலவி நுணுக்கம் பெண்ணின் பேதைமையை நகையாடும் பகுதி எனக் கூறிக் கடந்துவிடுவோர் உளர். அஃது அமைவுடைய உரையன்று.

தலைவன் தும்மினால், யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டுத் தலைவி அழுகிறாள். தும்மலை அடக்கினாலோ, நினைப்பவரை மறைக்கிறீரோ என்று அழுகிறாள். நின்னை நினைத்தேன் என்றால், இடையில் மறந்தது ஏன் என்கிறாள். இவற்றைச் சொல்பவர் யார்? முதல் இரு குறள்கள் நீங்க, ஏனைய எட்டும் தலைவன் கூற்றே. தன்னை வருத்திய சொற்களை ஒன்று விடாமல் நெஞ்சில் வைத்திருக்கிறான். ஆயினும் ஓரிடத்தும் அவளை இகழவில்லை. இவனை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவள் சொற்களின் பின்னே நிற்பதை அவன் உணர்ந்திருக்கிறான்.

புலவிக்கு உப்பை உவமையாக்கினார் வள்ளுவர். உப்பில்லாச் சோறு சுவைக்காது. சிறிது மிகினும் உண்ணலாகாது. இவ்வுவமையை மட்டும் கூறி, அளவு முழுதும் ஊடுபவர் கையில் உள்ளது என நிறுத்திவிடுதல் குறையாகும். அடுத்த இரு குறள்களும் மற்றவரின் கடமையைச் சொல்கின்றன. ஊடியவரைத் தேற்றாது விடுதல், முன்பே வாடிய கொடியை அடியோடு அரிதல் போன்றதாம். ஊடுபவர் அளவறிதல் வேண்டும்; தேற்றுபவர் காலமறிதல் வேண்டும்.

தோட்டப்பள்ளியில் நம்மிடம் ஆத்திசூடி ஓதியவர்கள் இருபது, இருபத்தைந்து வயதில் கைப்பேசியில் ஊடுகின்றனர். அனுப்பிய செய்தி படிக்கப்பட்டும் மறுமொழி வாராத இரண்டே நாளில், முகம் காணாமலே உறவு முறிகிறது. புலவி நுணுக்கத்திலோ தும்மலும் கண்ணீரும் நோக்கும் ஒருவருக்கொருவர் புலனாகும் தொலைவில் இருக்கின்றன. பிணக்கு அங்கே தீர்வதற்கு அவ்வண்மையே வழி செய்கிறது.

ஒன்றை ஆசிரியர்கள் அழுத்திச் சொல்லல் வேண்டும். அடிப்பதும் அச்சுறுத்துவதும் நாள்தோறும் இழித்துரைப்பதும் ஊடல் ஆகா. ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பது வள்ளுவர் முடிபு. இருவரும் மாறி மாறித் தோற்க ஒருப்படும் இடத்திலேயே அம்முடிபு பொருந்தும். என்றும் ஒருவரே தோற்கும் வீட்டில், அக்குறளைக் காட்டிப் பொறுத்துப்போ எனப் பெண்ணுக்கு அறிவுரை கூறுதல் குறளுக்கு இழைக்கும் தீங்கு. அவளுக்கு இழைக்கும் பெருந்தீங்கு.

வளர்ந்த மாணவர்க்கேனும் இம்மூன்று அதிகாரங்களையும் நாணாது கற்பிப்போமாக. அளவறிந்து பிணங்கக் கற்றவரே நெடுநாள் இணங்கி வாழவும் கற்பர்.