கரித்துணி மீது ஒரு குற்றச்சாட்டு

நம் சமையலறையில் ஓயாது உழைப்பது கரித்துணி. சூடான பாத்திரத்தை இறக்கவும், மேடையைத் துடைக்கவும், ஈரக் கையை ஒற்றவும் பல வீடுகளில் அது ஒன்றே பயன்படுகிறது. இத்தகைய துணிகளைப் பற்றி மொரீசியசுப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தி, 2018 ஜூன் மாதம் அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் அட்லாண்டா மாநாட்டில் அளித்தனர். ஒரு மாதம் பயன்பட்ட 100 துணிகளை ஆராய்ந்ததில், 49 துணிகளில் பாக்டீரியாக்கள் வளர்ந்தன. உடனே, சமையலறைத் துணி உணவையே நஞ்சாக்கும் என்ற அச்சம் செய்தித்தாள்களின் வழியே பரவியது. இந்த அச்சம் சரிதானா?

முதலாவதாக, மீதி 51 துணிகளைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு மாதம் பயன்பட்ட பின்னும் அவற்றில் வளர்ச்சி காணப்படவில்லை. இரண்டாவதாக, இவ்வாய்வு துணியில் உள்ள கிருமிகளைத்தான் எண்ணியது. அத்துணியால் நோயுற்றவர்களை எண்ணவில்லை. கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு.

மூன்றாவது செய்தியை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். வளர்ச்சி கண்ட 49-இல் ஏறத்தாழ 7 துணிகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது. வசதி குறைந்த குடும்பங்களிலும் குழந்தைகள் உள்ள வீடுகளிலும் இது கூடுதலாம். இதைக் கொண்டு ஏழை வீடு அழுக்கானது என முடிவு கட்டுவது அறிவியலாகாது. நலமுள்ள பலருடைய மூக்கிலும் தோலிலுங்கூட வாழும் கிருமி இது. ஒரே துணியில் பல கைகள் படும்போது அது பெருகுவது இயல்பே. குறை மனிதரிடம் இல்லை. மாற்றுத் துணி இல்லாமையில் இருக்கலாம்.

எனினும் இவ்வாய்வின் சிறந்த பகுதி செய்திகளில் பின்தள்ளப்பட்டது. உலர்ந்த துணியைவிட ஈரத்துணியிலும், ஒரே வேலைக்கான துணியைவிடப் பல வேலைக்கான துணியிலும் கிருமிகள் மிகுதி என்பதே அது. காரணம் எளிது. பாக்டீரியா பெருக நீர் வேண்டும். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துடைத்த உணவுத் துகள் அதற்கு இரையாகும்.

விசைத்தறி ஓடும் வெள்ளகோவிலில் துணிக்குப் பஞ்சமில்லை. மழை குறைந்த அவ்வட்டாரத்தில் வெயிலுக்கும் குறைவில்லை; தண்ணீர்தான் அருமை. நாள்தோறும் எல்லாத் துணிகளையும் கொதிக்க வைக்கச் சொல்வது அங்கே நடவாத அறிவுரை. பழைய வேட்டியை மூன்றாகக் கிழித்துப் பாத்திரம் பிடிக்க ஒன்று, மேடைக்கு ஒன்று, கைக்கு ஒன்று என வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் வேறு நிற நூலால் அடையாளமிட்டால் குழம்பாது. அன்றாடம் சோப்பிட்டு அலசி, பிழிந்து, கொடியில் விரித்துப் போட வேண்டும். சுருட்டி ஆணியில் மாட்டினால் உள்மடிப்பு காயாது. பச்சை இறைச்சி பட்ட துணியை மட்டும் பத்து நிமிடம் கொதிக்க வைக்கலாம்.

எனவே கரித்துணியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இன்றிரவு விளக்கணைக்குமுன் அதைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், கவனிக்க வேண்டியது அந்த ஈரத்தைத்தான்.