கம்பியடி வேம்பு

மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தும் நாளில், எடமலைப்பட்டி புதூர்த் தெருக்களில் மின்வாரியத்தார் கிளை கழிப்பதை நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் என்றால் வேலை இன்னும் மும்முரம். ஈரக் கிளை 11 ஆயிரம் வோல்ட் கம்பியை உரசினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சப்ளை நின்றதை உறுதிசெய்து, எர்த் ராடு மாட்டிய பிறகே ஏணி எழும்புகிறது. மெல்லிய கொப்புக்குத் தொரட்டி போதும்: கொக்கியை மாட்டி ஒரே சுண்டு, சரக்கென்று வேப்பங்கொத்து இறங்கும், தெருவெல்லாம் பச்சைக் கசப்பு மணக்கும். தடித்த கிளையில்தான் கைப்பக்குவம். தெரிந்தவர் முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து வாளை இழுப்பார். இல்லையென்றால் கிளை தன் கனத்தில் முறிந்து, பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். கிளை பிறக்கும் இடத்துப் புடைப்பில் வாள் படாமல் விட்டால், மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அவசரமாக மொட்டையடித்துப் போவது எளிது. இந்தப் பொறுமைதான் அரிது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் பேச்சு. “மரத்தை வெட்டிடாதீங்க தம்பி” என்று பதறி வரும் அம்மாவிடம், “வெட்டலம்மா, கம்பிப் பக்கம் மட்டும்தான் கழிக்கிறோம். புதுக் கன்னு வைக்கறதுன்னா இங்க நந்தியாவட்டை, செம்பருத்தி வைங்க. வேம்பு, புங்கையெல்லாம் கம்பி இல்லாத எதிர்ப்பக்கம் வைங்க” என்று மேலிருந்தபடியே சொல்கிறார்கள். கழித்த தழை அதிக நேரம் கிடப்பதில்லை, ஆடு வைத்திருப்பவர்கள் கட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள்.