245க்கும் 246க்கும் நடுவே

புறநானூற்றின் 245, 246ஆம் பாடல்கள் அடுத்தடுத்து நிற்பவை. முன்னது, மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. பின்னது, கணவன் பூதபாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு பாடியது. முன்னதைக் காதலின் ஆழத்துக்கும் பின்னதைக் கற்பின் உயர்வுக்கும் சான்றாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன்.

மாக்கோதையின் பாட்டில் அவனும் இறந்துபோன அவளும் மட்டுமே இருக்கிறார்கள். அவளைச் சிதையில் கிடத்திய பின்னும் உயிரோடிருக்கிறேனே, இதென்ன துயரம் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். இனி அவன் எதை உண்பான், எங்கே படுப்பான் என்ற பேச்சே அங்கில்லை.

பெருங்கோப்பெண்டுக்கு அந்தத் தனிமை வாய்க்கவில்லை. சிதையேறவிடாமல் தடுக்கும் சான்றோரோடு வாதாடியபடியேதான் அவள் பேசத் தொடங்குகிறாள். நெய் படாத பிழிந்த சோறு, எள் விழுது, புளி கூட்டிய வேளைக்கீரை, பாயில்லாத பரற்கல் படுக்கை என்று கைம்பெண்ணுக்குக் காத்திருப்பதை அடுக்கி, அப்படி வாழ்பவள் நானில்லை என்கிறாள். கணவனைப் பற்றி அவள் சொல்வது, பெருந்தோள் கொண்ட அவன் மாய்ந்தான் என்பது மட்டுமே. 'பள்ளி' என்ற சொல் இரண்டு பாட்டிலும் வருகிறது. அவன் பாட்டில் அது இறந்தவளின் நெருப்புப் படுக்கை. இவள் பாட்டில் உயிரோடிருப்பவளின் கல் படுக்கை.

தீயும் தாமரைப் பொய்கையும் தனக்கு ஒன்றே என்கிறாள். அதைக் கற்பு என்று போற்றுகிறவர்கள் அதற்கு முன் அவள் அடுக்கியவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தீயையும் பொய்கையாக்கிக் காட்டும் வாழ்க்கை எது என்பதல்லவா கேள்வி? அவளுக்குத் துயரம் இல்லாமலில்லை. அதைச் சொல்ல அவளுக்கு இடம் மிஞ்சவில்லை.

அப்பா இறந்தபோது அம்மாவின் பூ, பொட்டு, வளையல் பற்றி உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா. அவர் அப்பாவுக்காக அழுததை நான் பார்த்தது மூன்று மாதம் கழித்து, பீரோவிலிருந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்த ஒரு மதியத்தில்தான்.

இப்போது இரண்டு பாடல்களையும் ஒரே நாளில் நடத்துகிறேன். அவன் அழுதான், இவள் எப்போது அழுதாள் என்று மாணவிகளைக் கேட்கிறேன். பாட்டில் தேடிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள்.