பதில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை. கல்லூரி முதலாண்டு மாணவர்கள் பதினொரு பேரோடு உட்கார்ந்து அதை வாசித்தேன். முடிந்ததும் வழக்கமான கேள்வியைப் போட்டேன்: "கதையோட மையக்கருத்து என்ன?" வறுமை என்றார்கள். வறுமையின் கொடுமையை ஆசிரியர் சித்தரிக்கிறார் என்று ஒருத்தி ஒரு பத்தியே எழுதிக் கொடுத்தாள். எனக்குத் திருப்தி. கிளம்பும்போது அதே பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், அம்மாளுவுக்கு அந்த முக்கால் ரூபாய் எங்கிருந்து வந்துச்சு? மில் சம்பளமா? கடைசில ஏன் திடீர்னு கற்பைப் பத்திப் பேசுறாரு?"

சந்தில் நடந்தது அவளுக்குப் புரியவே இல்லை. புதுமைப்பித்தன் அதைச் சொல்லவும் இல்லை. ஓர் ஆள் நிற்கிறான், இருவரும் இருளில் மறைகிறார்கள், பிறகு காசு. நடுவில் இருப்பதை வாசகர்தான் நிரப்பணும். கதையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதற்குள் கால் வைக்காமலேயே அவள் முழு மதிப்பெண் பதிலை எழுதிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. என் கேள்வி அப்படி.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். அறிவினாவுக்குப் பாடநூல் தரும் உதாரணம் ஞாபகம் இருக்கா? ஆசிரியர் மாணவரிடம் கவிதையின் பொருளைக் கேட்பது. அதையே மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அறியா வினா. சொற்கள் ஒன்றுதான், கேட்கிற ஆள் மாறினால் வினாவே மாறிவிடுகிறது. பாடத்துக்குப் பின்னால் வருகிற குறுவினா, சிறுவினா, நெடுவினா எல்லாமே அறிவினாதான். நீளமும் மதிப்பெண்ணும் மட்டும்தான் வேறு. மிச்ச ஐந்தையும் இலக்கணத் தேர்வுக்குப் படித்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் பாலின்சாரும் பிரவுனும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தைத்தான் தொட்டது. எழுத்துக் கூட்டி நன்றாக வாசிக்கிற, ஆனால் வாசித்தது புரியாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். முறை வைத்து ஒவ்வொருவரும் ஆசிரியராக வேண்டும். பத்தியைப் பற்றிக் கேள்வி கேட்கணும், சுருக்கிச் சொல்லணும், புரியாததைத் தெளிவாக்கிக்கொள்ளணும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கணும். ஆசிரியர் முதலில் செய்துகாட்டிவிட்டு மெல்ல விலகிக்கொள்வார். பிள்ளைகளின் புரிதல் கூடியது.

இன்றைக்கு வேறொரு மோஸ்தர் இருக்கிறது. "நீ அம்மாளுவா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்பது. கேட்க ஜனநாயகமாக இருக்கும். ஆனால் இதற்குப் பதில் சொல்லக் கதையையே படிக்க வேண்டாம், பின்னட்டை போதும். மையக்கருத்துக் கேள்விக்கு இது அண்ணன் தம்பி என்றுதான் சொல்வேன். இரண்டுமே வாசகரைப் பக்கத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகின்றன. அந்தப் பெண் கேட்டது அப்படியல்ல. காசு எங்கிருந்து வந்தது என்று தேட, கதைக்குள் திரும்பிப் போயே ஆகணும்.

அடுத்த வாரம் அதே கதையையே எடுத்தேன். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொன்னேன். பதில் உங்களுக்கே தெரிந்திருக்கக் கூடாது, கதையில் தேட முடிகிறதாக இருக்கணும் என்பது மட்டும் நிபந்தனை. பாதிக்கு மேல் நோட்ஸ் கேள்விகள்தான் வந்தன, பொய் சொல்வானேன். ஒரு பையன் கேட்டான்: "கடைசில 'ஐயா'ன்னு யாரைக் கூப்பிடுறாரு? கதை படிக்கிறவங்க எல்லாம் ஆம்பளைங்கதானா?"

எத்தனையோ தடவை படித்த கதை. அந்த 'ஐயா'வில் நான் ஒருமுறையும் நின்றதில்லை. தெரியலப்பா என்றேன். பிறகு அரை மணி நேரம் அதிலேயே போனது. கற்பைப் பேசுகிறவர்களைத்தான் கூப்பிடுகிறார், பேசுகிறவர்கள் ஆண்கள் என்று ஒருத்தி சொன்னாள். வாசகரையும் அந்தக் கூட்டத்தில் நிறுத்துகிறார் என்றான் இன்னொருவன்.

முக்கால் ரூபாய்ப் பெண் கடைசியில் பேசினாள். "பால்கஞ்சி குடிக்கும்போது முருகேசன் காசு ஏதுன்னு கேட்டிருப்பானா சார்?"

கதை அவன் வாய்க்குக் கஞ்சி போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எல்லாரும் மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினோம், முருகேசன் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்க.