பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்விகள்

2017 ஏப்ரலில் வைகை அணையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை டேப்பால் ஒட்டி மிதக்க விட்டார்கள். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும் என்ற தத்துவத்தில் பிழையில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015இல் மிதக்க விட்ட பந்துகள் காற்றில் பறக்காதிருக்க, அவற்றினுள் நீர் ஊற்றியிருந்தார்கள். இங்கே ஒரு கண்மாயில் சோதித்திருந்தாலே குறை தெரிந்திருக்கும்.

அது அரசுப் பணம். இன்றோ இணையத்தின் வழியே நம்மிடமே நேராகக் கேட்கிறார்கள்: "கருவி இனிமேல்தான் தயாராகும், இப்போதே பணம் தந்தால் முதலில் உங்களுக்கே!" இந்தக் கூட்டுநிதி முறையால் நன்மையும் உண்டு. பெபிள் கைக்கடிகாரத்துக்கு 2012இல் ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. தாமதமானாலும் 2013இல் பொருள் வந்தது.

ஆனால் 2016இல் வந்த 'டிரைட்டன்' செயற்கைச் செவுளைப் பாருங்கள். வாயில் கவ்விக்கொண்டால் நீருக்குள் 45 நிமிடம் மூச்சு விடலாம் என்றார்கள். 8 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். சும்மா இருக்கும் மனிதனுக்கே நிமிடத்துக்குச் சுமார் 330 மில்லிகிராம் வேண்டும். அதாவது, நிமிடந்தோறும் 40 லிட்டருக்கு மேல் நீரிலிருந்து ஆக்சிஜன் முழுவதையும் பிரித்தெடுக்க வேண்டும்! கடைசியில், திரவ ஆக்சிஜன் குப்பிகளும் தேவை என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே வாசகர்களே, முதலில் கேளுங்கள்: இயற்கை விதி இதற்கு இடம் தருகிறதா? சிறிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்களா? இரண்டுக்கும் 'ஆம்' என்றாலும், திரும்பி வராவிட்டால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.